பிடி ஆடுது

கத்திதான். முறைக்க வேண்டாம்.

பேப்பரைக் கிழித்துக்கொண்டு முனை வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். முனை என் பக்கம், பிடி உங்கள் பக்கம். பஸ் தூக்கிப் போட்டால் எனக்குத்தான் ஏறும். நிம்மதியாக உட்காருங்கள் சார்.

விற்கக் கொண்டுபோகவில்லை. சாணை பிடிக்கவும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போகிறேன். கீழே அங்கலகுறிச்சியில் என் மச்சினன் இருக்கிறான். என் வீட்டுக்காரியின் தம்பி. அவன் வீட்டு வாசலில் இதை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வால்பாறைக்கு ஏறிவிடுவேன். காப்பிகூடக் குடிக்க மாட்டேன்.

ஆமாம், பழசுதான். வேட்டைக் கத்தி. என் மாமனார் ஒரு தொரைக்கு முன்னால் காட்டில் நடந்தவர். தடம் பார்த்துச் சொல்வது அவர் வேலை, சுடுவது தொரை வேலை. தொரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது நாயை ஒருத்தருக்குக் கொடுத்தார், கத்தியை இவருக்குக் கொடுத்தார். அலகில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது, தேய்ந்துவிட்டது. பிடி கொம்பு. மாமனார் கடமான் கொம்பு என்பார். மச்சினன் எருமைக் கொம்பு என்பான். காட்டிலாகா செக்போஸ்டில் கேட்டால் நானும் எருமை என்றுதான் சொல்வேன்.

என்னிடம் வந்த பிறகு அது காட்டைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி வெட்டும். மற்ற நாள் ஆணியில் தொங்கும்.

பாருங்கள், மூன்றாவது கியரில் வளைக்கிறான். இந்த வளைவு இரண்டாவதில் வர வேண்டிய வளைவு. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்குகிறான், வாடை வருகிறது. நான் இந்த ரோட்டில் எஸ்டேட் லாரி ஓட்டினவன் சார். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கியிருக்கிறேன். ஒரு பெட்டி சரிந்ததில்லை. சரி, அவன் வண்டி, அவன் பாடு.

எங்கள் பக்கத்தில் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டோம். உங்கள் வீட்டில் எப்படி? கையில் கொடுத்தால் பகை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவன் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்தன்று மாமனார் இதை முறத்தில் வைத்து என் முன்னால் நகர்த்தினார். பக்கத்தில் மச்சினன் நின்றான். நயினார் என்று பேர். அப்போது அவனுக்கு மீசைகூட வரவில்லை. மகன் இருக்கும்போது மருமகனுக்கு எதற்குக் கத்தி என்று யாரோ கேட்டார்கள். இவன்கிட்ட கொடுத்தா மாங்காய் வெட்டிட்டு எங்கயாவது போட்டுட்டு வருவான் என்றார் மாமனார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனுக்கு அதில் வருத்தம் உண்டு என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் திருப்பிக் கொடுக்கிறேன். உன் அப்பன் சொத்து, வைத்துக்கொள். முடிந்தது.

ஆனால் பிடிக்கு அரக்கு வைக்க மாமனார் அவனுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். எனக்குச் சொல்லித் தரவில்லை. மருமகனை அடுப்பு முன்னால் உட்காரவைக்கக் கூடாதாம்.

எப்படி என்றால், கொம்புக்குள் ஓட்டை இருக்கும். அதில் அரக்கையும் செங்கல் பொடியையும் போட்டு அடைக்க வேண்டும். கத்திக்கு ஒரு வால் உண்டு, பிடிக்குள் போகிற பாகம். அலகில் ஈரத்துணி சுற்றி, அந்த வாலை மட்டும் தணலில் காய்ச்சி, உள்ளே இறக்க வேண்டும். அரக்கு உருகிப் பிடித்துக்கொள்ளும். ஆறினால் கல். அவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு ஆள் மலை ஏறி வர வேண்டும், இரண்டு வேளை சாப்பிட வேண்டும், தங்க வேண்டும்.

கதையைச் சொல் என்கிறீர்களா? கதை ஒன்றும் இல்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்.

நயினாரும் எஸ்டேட்டில்தான் இருந்தான். பாக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை. வேலைக்காலம் முடிந்ததும் கீழே மகள் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் பொண்டாட்டி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். நாங்கள் வால்பாறையிலேயே ஒரு சின்ன வீடு பார்த்து இருந்துவிட்டோம். நானும் சொர்ணமும். சொர்ணம் என் வீட்டுக்காரி. பிள்ளை இல்லை. அதைக் கேட்க வேண்டாம்.

இவன் கீழே போன புதிதில் அடிக்கடி மேலே வருவான். முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, சமையல்கட்டு வாசலில் உட்காருவான். அக்காவும் தம்பியும் பேசுவார்கள். என்ன பேச்சு? எஸ்டேட் லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் வீட்டுக் கோழியைச் சிறுத்தை கொண்டுபோனது, அந்தக் காலத்தில் அப்பா எப்படிக் குறட்டை விடுவார். நடந்து முடிந்ததையே பேசுவார்கள். பேசிப் பேசிச் சிரிப்பார்கள். என்னால் உள்ளே ரேடியோ கேட்க முடியாது.

சும்மா வந்து உட்காருவது எனக்குப் பிடிக்காது சார். நான் லாரி ஓட்டினவன். சரக்கு இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன். ஒரு நாள் சொல்லிவிட்டேன். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான்.

“ஏலே நயினார், வேலை இருந்தா வா. சும்மா வராத.”

அதில் என்ன தப்பு? அவனும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி அத்தான் என்றான். சாப்பிட்டுவிட்டுப் போனான். அப்புறம் வரவில்லை. சொர்ணமும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. புடவைகூட நான் எடுத்துக் கொடுத்தால் உண்டு. இப்படி ஒரு பொம்பளை கிடைக்க மாட்டாள்.

அந்தத் தை போய், மாசி போய், பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி வெட்ட உட்காருகிறேன், பிடி ஆடுகிறது. மாமனார் வைத்த அரக்கு, அத்தனை வருஷம் அசையாதது. கையில் கடகடவென்று ஆடுகிறது. காதருகே வைத்து ஆட்டினால் சத்தம் கேட்கிறது. அடியில் ஆப்பு அடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

தம்பிக்குத்தான் தெரியும், நீங்களே கூப்பிடுங்க என்றாள் சொர்ணம். நான் பேசினால் அவன் விளையாட்டு என்று நினைப்பான் என்றாள். சரி என்று போனை எடுத்து, பிடி ஆடுது, வா என்றேன். வேறு பேச்சு இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். தோளில் பை, பைக்குள் அரக்கு.

அன்றைக்கே செய்தான். அரக்கு ஆற அரை மணி நேரம் போதும், நானே தொட்டுப் பார்த்தேன், ஆறிவிட்டது. இவன் ஒரு ராத்திரி ஆறணும் அத்தான் என்கிறான். அவள் உள்ளே இருந்து, ஆறட்டும் ஆறட்டும், அவசரம் என்ன என்கிறாள். சரி. தங்கினான்.

கிளம்பும்போது அவன் அவளிடம் சொன்னான். அக்கா, இதுக்கு வெந்நீர் ஆகாது, அரக்கு இளகிடும், பச்சைத் தண்ணியில கழுவு. அவள் நன்றாகத் தலையை ஆட்டினாள்.

ஆட்டி என்ன? அடுத்த மாதம் மறுபடி பிடி ஆடுது. அதற்கு அடுத்த மாதம் மறுபடி. கேட்டால், ஐயோ மறந்து வெந்நீர்ல போட்டுட்டேன் என்பாள். அவன் வரும்போதெல்லாம் சொல்வான், வெந்நீர் ஆகாது அக்கா என்று. இவள் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிற மாதிரி தலையை ஆட்டுவாள். படிக்காதவள், என்ன செய்ய? ஆனால் ஒன்று, லயத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எந்த நட்சத்திரத்தில் பிறந்தன என்று இப்போது கேட்டாலும் சொல்லியிருப்பாள். எனக்குப் பல் பிடுங்கின தேதி சொல்வாள். இது ஒன்று மட்டும் மண்டையில் ஏறவில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அவனுக்கு மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். சந்தையில் அவள் கருவாடு வாங்கி வந்தால் மறுநாள் பிடி ஆடும். தப்பவே தப்பாது. கருவாட்டுக்கும் கத்திப் பிடிக்கும் என்ன சம்பந்தம்? காற்றில் உப்பு ஏறுமோ என்னவோ.

என்ன சார், சிரிக்கிறீர்கள்?

ஒரு தடவை எனக்கு வெறுத்துவிட்டது. இவன் வேலை சுத்தமில்லை, வேண்டுமென்றே அரைகுறையாக வைக்கிறான், சாப்பாட்டுக்கு வழி பண்ணுகிறான் என்று முடிவு பண்ணிவிட்டேன். கடையில் இரண்டு டியூபைக் கலந்து ஒட்டுகிற பசை இருக்கிறதே, அதை வாங்கி நானே ஒட்டினேன். யானை இழுத்தாலும் வராது என்றான் கடைக்காரன். சொர்ணம் பார்த்துக்கொண்டே நின்றாள். முகம் சுண்டிப்போயிற்று. நானே செய்துவிட்டேன் என்று சந்தோஷப்படுவாள் என்றல்லவா நினைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கத்தியைக் காணவில்லை. தேடினால் இட்லிச் சட்டிக்குள் வெந்துகொண்டிருக்கிறது. கிருமியாம். டிவியில் சொன்னார்களாம். பசை வெள்ளையாகப் பொங்கி உரிந்து வந்துவிட்டது.

போனை எடுத்தேன். பிடி ஆடுது, வா. வேறு என்ன செய்வது?

அப்புறம் லேத் பட்டறையில் கேட்டேன். கொம்பையும் வாலையும் சேர்த்து ஓட்டை போட்டுப் பித்தளை ஆணி அடித்துத் தருகிறேன், உங்கள் காலத்துக்கும் ஆடாது என்றான். நல்ல யோசனை. வீட்டில் வந்து சொன்னேன். அப்பா தொட்ட கொம்பில் ஓட்டை போடக் கூடாது என்று உட்கார்ந்து அழுதாள். அவள் அப்பன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. ஒரு கத்திப் பிடிக்கு இப்படி அழுகிறவளிடம் என்ன பேச? விட்டுவிட்டேன்.

இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. பிடி ஆடும், நான் கூப்பிடுவேன், அவன் வருவான், அரக்கு ஆற ஒரு ராத்திரி. அவன் கத்தியை எடுத்ததும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பான். ஆடுது அத்தான் என்பான். டாக்டர் மாதிரி. பிறகு கீழே வைப்பான், நான் எடுத்துப் பார்ப்பேன், நான் கீழே வைப்பேன். அந்த மரியாதை எல்லாம் சரியாக இருந்தது. ராத்திரி சாப்பிட்டதும் அவனும் நானும் சீட்டு விளையாடுவோம். அவன் ஏமாற்றுவான். நான் பிடித்துவிடுவேன். அவள் வெற்றிலை மடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள்.

நிறுத்துகிறான் ஏன்? ஓ, வரையாடு. எல்லாரும் போனை நீட்டுங்கள். ஆட்டைப் பார்த்ததே இல்லை பாருங்கள்.

போன ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மழை சார், உங்களுக்குத் தெரியாது எங்கள் ஊர் மழை. துணி காயாது, விறகு எரியாது, மனுஷனும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிப்போவான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சுச் சளி, வயசு ஆகிவிட்டது, சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வைத்துக்கொண்டேன். கஞ்சி நான்தான் வைத்தேன். சோறு குழைந்துவிடும், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

படுத்த இடத்தில் இருந்து ஒரு நாள் சொல்கிறாள்.

“கத்தியை வெந்நீர்ல கழுவிப் போடுங்க.”

கறி எடுத்தே நாளாயிற்று, எதற்குக் கழுவ என்றேன். நாறுது என்றாள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். நாறவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டும் என்று மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினேன். நாறலை பாரு என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளும் அதையே சொன்னாள். வெந்நீர், வெந்நீர். குடிக்கவோ என்று கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். காய்ச்சலில் என்னென்னவோ வரும் இல்லையா.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் கேட்டாள்.

“பிடி ஆடுதா பாருங்க.”

ஆணியில் இருந்து எடுத்து, அவள் கண் முன்னாலேயே ஆட்டிக் காட்டினேன். “ஆடல. கல்லு மாதிரி இருக்கு.” நல்ல சேதிதானே? கவலை விட்டது என்று நினைப்பாள் என்று பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு கத்தியைப் பற்றிப் பேசவில்லை. அதிகம் எதையும் பேசவில்லை.

ஆவணி பிறந்ததும் போய்விட்டாள்.

தம்பியைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பேன் சார். நான் என்ன மிருகமா? அவள் கேட்கவே இல்லை. கேட்காததை நான் எப்படிச் செய்ய?

போன் பண்ணினேன். அவன் எடுத்ததும், சொல்லுங்க அத்தான் என்று உற்சாகமாகக் கேட்கிறான். அக்கா போயிட்டா என்றேன். அவன் சொன்னான்.

“பிடி ஆடுதுன்னு சொல்லத்தான் கூப்பிடுறீங்கன்னு நெனச்சு எடுத்தேன் அத்தான்.”

வா என்றேன்.

வந்தான். எல்லாம் செய்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. காய்ச்சல்னு முன்னாலயே ஏன் அத்தான் சொல்லல என்று ஒரே ஒரு தடவை கேட்டான். நீ என்ன டாக்டரா என்றேன். நியாயமான கேள்விதானே. சொல்லியிருந்தால் வந்து என்ன செய்திருப்பான்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வேறு என்ன?

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். அவன் பையை எடுத்துத் தோளில் போட்டவன், திரும்பி வந்து ஆணியில் இருந்த கத்தியை எடுத்தான். காதருகே வைத்து ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டினான்.

“ஆடல அத்தான்.”

“ஆடலேன்னா உனக்கு இங்க என்ன வேலை?”

வழக்கமாகச் சொல்வதுதான் சார். எப்போதும் அவனிடம் அப்படித்தான் பேசுவேன். அவன் சிரிப்பான், அவளும் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்க ஆள் இல்லை, அதுதான் வித்தியாசம்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? கத்தியைக் கீழே வைக்கவில்லை. என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரலை மூடிவிட்டான். கையில் கொடுத்தான் சார். அவன் அப்பன் முறத்தில் வைத்துக் கொடுத்த கத்தியை. சிறுபிள்ளைக்குக்கூடத் தெரியும். கொடுத்துவிட்டு, வர்றேன் என்று சொல்லாமல் படி இறங்கிப் போனான்.

அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கையில் கொடுத்த கத்தி. அன்று முதல் போன் இல்லை, வரவு இல்லை. ஆவணி போய், தீபாவளி போய், இதோ தையும் வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, செய்யவில்லை. அவன் கையில் கொடுத்தான், பகை வந்தது. முறை என்று சும்மாவா வைத்திருக்கிறார்கள்?

இன்னும் கேளுங்கள். அவள் இருந்தவரை மாதத்துக்கு ஒரு தடவை ஆடின பிடி, அவள் போன பிறகு ஆடவே இல்லை. தினம் சாயங்காலம் எடுத்து ஆட்டிப் பார்க்கிறேன். காதில் வைத்துப் பார்க்கிறேன். கல் மாதிரி நிற்கிறது. கடைசியாக வைத்த அரக்கு மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது? இத்தனை வருஷம் அரைகுறையாக வைத்தவன், வேண்டாத நேரத்தில் பார்த்து ஒழுங்காக வைத்திருக்கிறான். எனக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே. ஆடினாலாவது போனை எடுக்கலாம். ஆடாத பிடிக்கு எப்படிப் போன் பண்ண? என்ன என்று சொல்ல?

வீட்டில் சத்தமே இல்லை. ரேடியோ நன்றாகக் கேட்கிறது. அணைத்துவிடுகிறேன். சீட்டுக்கட்டு அலமாரியில் இருக்கிறது. ஒற்றை ஆளாக விளையாடத் தெரியும், லாரியில் விளையாடியிருக்கிறேன். ஏமாற்ற ஆள் இல்லாத சீட்டு என்ன சீட்டு.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் எழுந்ததும் கத்தியைப் பேப்பரில் சுற்றினேன். எனக்கு இது வேண்டாம். அவன் வாசலில், கீழே, தரையில் வைப்பேன். முறைப்படி. அவன் எடுத்துக்கொள்ளட்டும். நான் முறை தவற மாட்டேன்.

என்ன? என்ன சொல்ல வருகிறீர்கள்?

அவள் வெந்நீரில் போட்டது மறந்தா, இல்லை…?

வேண்டாம் சார். நீங்கள் சொல்ல வேண்டாம். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்தவருக்கு என் வீட்டுக்காரியைத் தெரியுமா? பேசாமல் வாருங்கள். அந்தப் பக்கம் ஜன்னலைப் பாருங்கள். அணை தெரியும்.

…

இந்த வளைவை ஒழுங்காக எடுத்தான். பரவாயில்லை.

…

சார், இது அட்டகட்டி. டீ குடிக்க நிறுத்துவான். கண்டக்டர் தெரிந்த பையன்தான், நான் வரும் வரை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். லாரி டிரைவர் ஐயா சொன்னார் என்று சொல்லுங்கள், என்னைத் தெரியும். இல்லை, எனக்கு டீ வேண்டாம். கத்தியை எடுத்துக்கொண்டுதான் போவேன். உங்களிடம் விட்டுவிட்டுப் போக முடியுமா?

* * *

கொஞ்சம் நகருங்கள். ஈரம். பேப்பர் நனைந்துவிட்டது, வேறு பேப்பர் இருந்தால் கொடுங்கள். உங்கள் கையில் இருக்கிறதே, அதுதான். படித்தாயிற்று இல்லையா?

கழுவினேன். அழுக்காக இருந்தது. ஒருத்தருக்குத் திருப்பிக் கொடுக்கிற பொருளை அழுக்காகக் கொடுக்கக் கூடாது. டீக்கடைக்காரனிடம் ஒரு மக்கு கொதிக்கிற தண்ணீர் கேட்டேன். எதற்கு என்றான். உனக்கு எதற்கு என்றேன். பிடி முழுகும்படி நிறுத்திவைத்தேன். அந்த ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும். ஆறின பிறகு இன்னொரு மக்கு கேட்டேன். அழுக்கு சுலபத்தில் போகவில்லை.

அவளும் இப்படிக் கழுவத்தான் சொன்னாள்.

கண்ணாடியை மூடுங்கள், காற்று கண்ணில் அடிக்கிறது. இறக்கத்தில் இப்படித்தான், தண்ணீர் வந்துவிடும்.

இங்கே டவர் கிடைக்குமா? பாருங்கள் என் போனில் கோடு இருக்கிறதா. எனக்குத் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். நயினார் என்று இருக்கும். அதை அமுக்கிக் கொடுங்கள். பேர் ஒன்றுதான் இருக்கிறது, தேட வேண்டியதில்லை.

…

ஏலே. நான்தான்.

பிடி ஆடுது.

…

ஆமா. இப்பதான். பஸ்ல இருக்கேன். நான் வர்றேன், நீ வர வேண்டாம்.

…

பட்டிருக்கும். வெந்நீர் பட்டிருக்கும்.

…

அழாத. பஸ்ல எல்லாரும் பாக்குறாங்க. ஏலே, அரக்கு இருக்கா, இல்லையா, அதைச் சொல்லு.

…

சரி. வை.

வைத்துவிட்டான். இதை எப்படி அணைப்பது, வாங்கி அணையுங்கள்.

கேட்டீர்களா சார்? காதில் வைத்துப் பாருங்கள். பயப்படாதீர்கள், குத்தாது. சத்தம் கேட்கிறதா? நான் ஆரம்பத்திலேயே சொன்னேனா இல்லையா, இவன் வேலை சுத்தமில்லை என்று. ஒரு தடவை கழுவினால் ஆடிவிடுகிறது. இப்போது மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும், செங்கல் இடிக்க வேண்டும். மகளிடம் கருவாடு வாங்கச் சொல்கிறானாம். எனக்குக் கருவாடு பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். வேண்டுமென்றே செய்கிறான்.

ஒரு ராத்திரி ஆறணும் அத்தான் என்கிறான். அரை மணி நேரம் போதும், நான் எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆறட்டும்.